தண்ணீர் வண்டியைத் திரும்பக் கொண்டுவாருங்கள்: நம் நடைக்குழுப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பொறுப்பாளர்களுக்கு,

டிசம்பர் கடைசி வாரம் ஜெய்சல்மேர்ப் பாலையில் ஐந்து நாள் நடக்கப் போகிற 28 பிள்ளைகளுக்கு நீங்கள் அனுப்பிய ஒரு பக்கக் குறிப்பை என் தங்கை மகனின் போனில் பார்த்தேன். "இந்த ஆண்டு முதல் தண்ணீர் வண்டி கூட வராது. ஆளுக்கு 2 லிட்டர் போதும். வழியில் கிடைக்கும் தண்ணீரைக் குடித்து நடப்பதே உண்மையான பாலை நடை" என்று அது தொடங்குகிறது. கீழே, நல்ல தண்ணீரைக் கண்டுபிடிக்க நான்கு வழிகள். தெளிவாக இருந்தால் குடிக்கலாம். ஓடிக்கொண்டிருந்தால் குடிக்கலாம். ஆடுமாடு குடித்தால் நாமும் குடிக்கலாம். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 300க்குக் கீழே காட்டினால் குடிக்கலாம்.

நான்கும் தவறு. உங்களில் இரண்டு பேருக்குப் போன் செய்தேன். ஒருவர் கமிட்டியில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார், இன்னொருவர் எடுக்கவே இல்லை. மூன்று வாரம் ஆயிற்று. பயணத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. அதனால் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் குமரி மாவட்டத்துத் தக்கலைக்காரன். 1994 முதல் 2012 வரை ஓமானில் ஒரு சர்வே குழுவில் வேலை பார்த்தேன். சாலை போடுவதற்கு முன்னால் நிலத்தை அளக்கிற வேலை. மஸ்கட்டில் தங்கிய நாட்கள் குறைவு. வாடி என்று அவர்கள் சொல்கிற வறண்ட ஆற்றுப் பள்ளங்களிலும் கல் பாலையிலும் கூடாரம் போட்டுக் கிடந்த நாட்களே அதிகம். ஊர் திரும்பிய பிறகு ஆறு ஆண்டு உங்களோடு நடந்திருக்கிறேன். கீரிப்பாறை, காளிகேசம், மருந்துவாழ் மலை என்று நாம் ஏறாத இடம் குறைவு. மூட்டு ஒத்துழைக்காததால் நின்றேன். குழு என் குழு என்ற எண்ணம் நிற்கவில்லை.

முதலில் செப்டம்பரில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஓணம் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெய்சல்மேருக்குப் பயிற்சி என்று நம் மாவட்டத்து மலை ஒன்றுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனீர்கள். மலையின் பெயரை இங்கே எழுதவில்லை. மலை ஒரு தப்பும் செய்யவில்லை. பாதி வழியில் பாறை இடுக்கிலிருந்து கசிந்து ஒரு சின்னக் குழியில் தேங்கும் சுனை. கண்ணாடி மாதிரித் தண்ணீர், நல்ல குளிர்ச்சி. மூலிகை பட்டு வருகிற தண்ணீர், மருந்து மாதிரி, எல்லாரும் குடியுங்கள் என்று உங்களில் ஒருவர் சொன்னார். என் தங்கை மகன் தயங்கினான். அவன் பாட்டிலில் இன்னும் பாதி இருந்தது. "கேன் வெள்ளம் குடிச்சு வளந்த பிள்ளையில்லா, இது எப்படி இறங்கும்" என்று கேட்டுச் சிரித்தார்கள். எல்லாரும் சிரிக்கவே அவனும் குனிந்து குடித்தான். வயது 19. அந்த வயதில் சிரிப்புக்குப் பயப்படுகிற அளவு வேறு எதற்கும் பயப்பட மாட்டார்கள்.

நாலு வாரம் கழித்துக் காய்ச்சல். சோறு கண்டால் குமட்டல். கண் மஞ்சளான பிறகுதான் எங்களுக்கே உறைத்தது. தங்கை கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள், அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். ஹெபடைடிஸ் ஏ. மலத்தில் இருந்து தண்ணீர் வழியாகவும் உணவு வழியாகவும் பரவுகிற மஞ்சள் காமாலை. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, போன ஒரு மாதத்தில் வெளியே எங்கே தண்ணீர் குடித்தாய் என்பதுதான். பையன் தேறிவிட்டான், ஒரு செமஸ்டர் தேர்வு போயிற்று.

அந்தச் சுனைதான் காரணம் என்று நூற்றுக்கு நூறு என்னால் நிரூபிக்க முடியாது. ஒரு கடைச் சட்னியில்கூட வந்திருக்கலாம். ஆனால் இதை உங்களிடம் சொன்னபோது வந்த பதிலைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. "23 பேர் குடித்தோம், ஒருத்தனுக்குத்தானே வந்தது, நாங்களெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறோம்" என்றீர்கள்.

இந்தப் பதிலைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஹெபடைடிஸ் ஏ கிருமி உடம்புக்குள் போய் நோயாக வெளிப்பட 15 நாள் முதல் 50 நாள் வரை ஆகும். டைஃபாய்டுக்கு ஒரு வாரம் முதல் மூன்று, நாலு வாரம். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி வயிற்றைக் கெடுக்க ஒன்று இரண்டு வாரம். மலையிலிருந்து இறங்கிய மறுநாள் குழுவில் "எல்லாரும் நலமா" என்று கேட்டு, வரிசையாகக் கட்டைவிரல் படம் வந்ததும் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று முடிவு கட்டினீர்கள். அந்தக் கேள்வியை ஒரு மாதம் கழித்து யாரும் கேட்கவில்லை. 23 பேரில் எத்தனை பேர் அக்டோபரில் வயிற்றோட்டத்துக்கு ஓட்டல் பரோட்டாவைக் குறை சொன்னார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அப்புறம், நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்கிறீர்களே, நீங்கள் ஐம்பதைத் தாண்டியவர்கள். நம் சின்ன வயதில் குளத்திலும் வாய்க்காலிலும் குளித்துக் குடித்து வளர்ந்தோம். சிறு குழந்தைக்கு ஹெபடைடிஸ் ஏ வந்தால் பெரும்பாலும் வெளியே தெரியாமலே வந்து போய்விடும். ஒரு தடவை வந்தால் வாழ்நாள் முழுக்கத் திரும்ப வராது. நம் தலைமுறையில் பலருக்கு அந்தக் காப்பு தானாகவே கிடைத்துவிட்டது. கொதித்த தண்ணீரும் கேன் தண்ணீரும் குடித்து வளர்ந்த இந்தப் பிள்ளைகளில் பலருக்கு அது இல்லை. அவர்களுக்கு இருபது வயதில் வந்தால் படுக்கையில் போடும். நீங்கள் குடித்துக் காட்டியது அவர்களுக்கு எந்த உத்தரவாதமும் ஆகாது.

டாக்டரிடம் போய்வந்த இரண்டாம் வாரம், மூட்டில் பட்டை கட்டிக்கொண்டு அந்த மலைக்கு ஏறினேன். சுனையைத் தாண்டி மேலே எண்பது அடி நடந்திருப்பேன். ஒதுங்க வசதியான ஒரு பாறை. அடியில் காகிதத் தட்டு, அடுப்பு மூட்டிய கரி, பிஸ்கட் உறை. பாறைக்குப் பின்னால் போனால் மூக்கைப் பிடிக்க வேண்டியிருந்தது. விடுமுறை நாளில் ஏறுகிற கூட்டம் வேறு எங்கே ஒதுங்கும்? மழை பெய்தால் அத்தனையும் வழிந்து இறங்குகிற இடம் நீங்கள் மருந்து என்று காட்டிய சுனை. மூலிகை பட்டு வருகிறது என்பதை நான் மறுக்கவில்லை. மூலிகை மட்டும் பட்டு வரவில்லை.

நம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தண்ணீர் விஷயத்தில் ஒரு தைரியம் உண்டு. இரண்டு பருவமழை, வீட்டுக்கு ஒரு கிணறு, பேச்சிப்பாறையும் பெருஞ்சாணியும் திறந்தால் கால்வாய் நிறைய ஓட்டம். மேற்கே விளவங்கோடு பக்கம் குடிக்கிற தண்ணீரையே வெள்ளம் என்றுதான் சொல்கிறோம். ஆனால் அதே வீடுகளில்தான் சீரகமோ பதிமுகமோ போட்டுக் கொதிக்க வைக்காத தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்து, கரண்ட் இல்லாமல் நாட்கணக்கில் இருந்தோமே, அப்போதும் என் அம்மா விழுந்த ரப்பர் மரக் கொப்பை ஒடித்து அடுப்பெரித்துக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்தார்கள். சொந்தக் கிணறு, அறுபது ஆண்டு பழகிய கிணறு. காற்றில் என்னென்ன விழுந்ததோ, கக்கூஸ் குழி நிரம்பி எங்கெல்லாம் கசிந்ததோ என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். தண்ணீரைப் பற்றி நான் படித்த முதல் பாடம் அது. நேற்றைக்கு நன்றாக இருந்தது என்பதை வைத்து இன்றைக்குக் குடிக்கக் கூடாது.

இரண்டாம் பாடம் ஓமானில். ஒரு வாடியில் பாறை வளைவை ஒட்டி ஒரு குளம், தரை தெரிகிற தெளிவு. நாங்கள் நான்கு இந்தியர்கள் பாட்டிலோடு ஓடினோம். எங்கள் ஓமானி டிரைவர் வயதானவர், கையை நீட்டி மறித்துவிட்டார். ஒன்றும் சொல்லாமல் மேல்பக்கமாக நடந்தார். வளைவு திரும்பினதும் தண்ணீருக்குள் பாதி கிடந்தது ஒரு கழுதை. செத்து ஒரு வாரம் இருக்கும். கீழே நின்றிருந்தால் வாடைகூட வந்திருக்காது, காற்று எதிர்த்திசையில் அடித்தது. அவர் செத்த மிருகம் கிடந்த இடத்துக்கு வெகுதூரம் மேலே போய், கரையிலிருந்து பத்தடி தள்ளிச் சரளையில் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டினார். ஊறியதை இரண்டு தடவை இறைத்துக் கொட்டிவிட்டு மூன்றாவது தடவை ஊறியதை எடுத்தார். அதையும் நேராகக் குடிக்கவில்லை, தளதளவென்று கொதிக்க வைத்துச் சாயா போட்டார்.

இன்னொரு தடவை பார்த்தது இதைவிட அழகான தண்ணீர். ஓமானின் கரும்பழுப்பு மலைகள் பூமியின் அடியாழத்திலிருந்து மேலே வந்த பாறை. அந்தப் பாறையினுள்ளே ஊறி வெளியே வரும் சில ஊற்றுகளில் காரத்தன்மை பிஎச் 11க்கு மேல் இருக்கும், சவர்க்காரத் தண்ணீரைவிடக் கடுமை. பார்க்க நீலப் பளிங்கு. அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். விரலை விட்டால் வழுவழுவென்று இருக்கும். ஓரத்தில் ஒரு புல் இல்லை, தவளை இல்லை, தண்ணீர்ப்பூச்சி இல்லை. உங்கள் குறிப்பின்படி அது முதல் தரத் தண்ணீர்: தெளிவு இருக்கிறது, ஓட்டமும் இருக்கிறது. கொதிக்க வைத்தாலும் அது மாறாது.

அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் ஹார்ன் க்ரீக் என்று ஓர் ஓடை இருக்கிறது. மேலே விளிம்பில் மூடிக் கிடக்கும் பழைய யுரேனியச் சுரங்கம். தாகத்தால் சாவதைத் தவிர வேறு வழியில்லை என்றால் மட்டும் இதைக் குடியுங்கள் என்பதுதான் அந்தப் பூங்கா நிர்வாகம் நடப்பவர்களுக்குச் சொல்வது. ஓடையைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அங்கே மேலே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் எழுதி வைத்திருப்பதால்தான் நடப்பவர்கள் பிழைக்கிறார்கள்.

இனி நீங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற இடத்துக்கு வருகிறேன். ஜெய்சல்மேர்ப் பக்கம் ஆண்டு மழை 200 மில்லிமீட்டரை ஒட்டித்தான். நம் மேற்குப் பக்கத்தில் ஒரு நல்ல வாரத்தில் அதைப் பெய்துவிடும். டிசம்பரில் அங்கே ஓடுகிற தண்ணீர் என்றால் இந்திரா காந்தி கால்வாய்தான். பஞ்சாபின் ஹரிகே அணைக்கட்டில் தொடங்கி 600 கிலோமீட்டருக்கு மேல் வயல்களையும் ஊர்களையும் தாண்டி வருகிறது. ஊர்களுக்கு அதைச் சுத்திகரித்துத்தான் குடிக்கக் கொடுக்கிறார்கள். நீங்கள் கரையில் குனிந்து குடிக்கச் சொல்கிறீர்கள்.

நிலத்தடி நீர் உப்பு. ராஜஸ்தானின் மேற்கே பல இடங்களில் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் அதிகம். ஃபுளோரைடுக்கு நம் நாட்டுக் குடிநீர்த் தரம் அனுமதிக்கிற உச்சம் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அங்கே கிணறுகள் பல அதைத் தாண்டும். நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், ஐந்து நாளில் ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்காது, அது ஆண்டுக்கணக்கில் குடிப்பவர்களின் துயரம். நம் பிள்ளைகளுக்கு உடனடி ஆபத்து உப்பு. உவர்நீர் குடித்தால் தாகம் கூடும். அதில் மெக்னீசியம் சல்ஃபேட் இருந்தால், அதுதானே பேதி உப்பு, வயிறு இளகும். மணலில் நடந்துகொண்டு பேதியும் ஆனால் உடம்பில் தண்ணீர் எங்கே நிற்கும்? ஓமானில் எங்கள் கூடாரத்துப் பையன் ஒருவன், கரையில் வெள்ளையாக உப்புப் பூத்த ஒரு ஊற்றில் குடித்துவிட்டு மத்தியானத்துக்குள் நடக்க முடியாமல் ஆனான். காரில் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்தோம். கார் இருந்தது.

நல்ல தண்ணீரும் அங்கே உண்டு. டாங்கா என்று தரைக்கடியில் தொட்டி கட்டி, சுற்றிலும் சரிவான களம் அமைத்து மழையைப் பிடித்து மூடி வைப்பார்கள். பேரி என்று ஆழமில்லாத ஊற்றுக் கிணறுகளும் உண்டு. அடியில் இறுகிய ஜிப்சத் தட்டு மழைநீரை உப்பு நீரோடு சேரவிடாமல் பிடித்து நிறுத்தும். ஆனால் டாங்காவில் டிசம்பரில் இருக்கிற தண்ணீர் ஒரு குடும்பம் அடுத்த மழை வரை, அதாவது ஜூலை வரை வைத்துக் குடிக்க வேண்டியது. வாசலுக்கு வந்த யாரையும் அவர்கள் தாகத்தோடு அனுப்ப மாட்டார்கள். அதைத் தெரிந்துகொண்டு, பிள்ளைகளும் நீங்களுமாக 32 பேர் பாட்டிலோடு போய் நிற்பது, வழியில் கிடைக்கும் தண்ணீரைக் குடிப்பது ஆகாது. அது அவர்கள் வீட்டுக் குதிரில் கை வைப்பது. தாராளமாகக் கொடுப்பார்களே என்று உங்களில் ஒருவர் சொன்னாராம். அதைக் கேட்டு எனக்கு வெட்கமாக இருந்தது.

டிடிஎஸ் மீட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் ஆளுக்கொன்று வாங்கிவிட்டார்கள். அது கரைந்த உப்பை மட்டும் அளக்கும். உவர்நீரை ஒதுக்க அது உதவும், வாங்கியது வீணில்லை. கிருமியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஒட்டகமும் ஆடும் இறங்கிச் சாணமிட்ட மழைக்குட்டையில் 150 காட்டும். நம் சுனையில் அன்றைக்கு வைத்திருந்தால் அதற்கும் கீழேதான் காட்டியிருக்கும். ஆடு குடிக்கிறது என்பதும் அப்படியே. ஆடு குடிக்கிற இடத்திலேயே கழிக்கவும் செய்கிறது. மேய்ப்பவர் குடிக்கிறாரே என்பீர்கள். அவர் எந்தக் குட்டையில் எந்த மாதம் எந்தப் பக்கம் முகர வேண்டும் என்று தெரிந்தவர், அவர் வயிறும் அந்தத் தண்ணீருக்குப் பழகியது. அவரைக் கண்டால் நாம் செய்ய வேண்டியது கேட்பது: ஐயா, இதில் கடைசியாக எப்போது மழைத்தண்ணீர் வந்தது, மேலே என்ன இருக்கிறது, உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இதைக் கொடுப்பீர்களா?

ஒரு நீர்நிலையைப் பார்த்தால் நானும் எங்கள் டிரைவரும் செய்தது அவ்வளவுதான். முதலில் மேலே நடந்து பார்ப்போம். ஓரத்தில் வெள்ளைப் பூப்பு, தண்ணீர் மேல் பச்சையாகவோ நீலப்பச்சையாகவோ ஏடு, எண்ணெய் மினுமினுப்பு, பூச்சிமருந்து டப்பா, இவற்றில் ஒன்று கண்டாலும் அடுத்த இடத்துக்குப் போய்விடுவோம். அந்தப் பச்சை ஏட்டின் நஞ்சும் உப்பும் மருந்தும் கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். இவை ஒன்றும் இல்லை, உயிர் இருக்கிற தண்ணீர் என்றால் எடுப்போம். எடுத்த எல்லாத் தண்ணீரையும், விதிவிலக்கே இல்லாமல், கொதிக்க வைப்போம். நன்றாகக் குமிழ்விட்டு ஒரு நிமிடம் கொதித்தால் போதும், இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே போனால் மூன்று நிமிடம். குளோரின் மாத்திரையும் நல்லதுதான், போட்டு அரை மணி நேரம் விட வேண்டும். கலங்கல் தண்ணீரில் அது சரியாக வேலை செய்யாது, துணியில் வடிகட்டித் தெளியவிட்ட பிறகு போட வேண்டும். நம் பாட்டிமார் தேற்றான்கொட்டை இழைத்துத் தெளிய வைத்தார்களே, அது நல்ல முறை. ஆனால் அது கலங்கலை இறக்கும், கிருமியை முழுக்கக் கொல்லாது. கிரிப்டோஸ்போரிடியம் என்கிற ஒட்டுண்ணி குளோரினுக்கும் சாகாது, கொதிநீரில் சாகும்.

இத்தனை செய்தாலும் வழியில் கிடைக்கும் தண்ணீர் கையிருப்புக்கு உதவியாக வருவது. அதை நம்பி வீட்டைவிட்டுக் கிளம்பக் கூடாது. "டிசம்பர் குளிர்தானே, 2 லிட்டர் போதும், கொஞ்சம் கொஞ்சமாகச் சேமித்துக் குடியுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் கடலோரக் காற்றில் வியர்வை சட்டையை நனைத்துச் சொட்டும், போகிற தண்ணீர் கண்ணுக்குத் தெரியும். பாலையின் உலர்காற்றில் வியர்வை தோன்றும்போதே காய்ந்துவிடும், சட்டை நனையாது. நம் ஊர்ப் பிள்ளைகள் வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டு குடிக்காமல் நடப்பார்கள். நானே முதல் மாதம் அப்படி நடந்து, சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் போன பிறகு பயந்தேன். பாட்டிலில் சேமித்த தண்ணீர் மயங்கி விழுந்தவனுக்கு உதவாது. தாகம் எடுக்கும்போது குடிக்க வேண்டும், கூடவே உப்பும் உள்ளே போக வேண்டும். வயிறு போனால் 1 லிட்டர் கொதித்த நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இந்த ஒரு வரி உங்கள் குறிப்பில் இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். யாராவது வழிதவறித் தண்ணீரே இல்லாமல் மாட்டிக்கொண்டால், கண்ணில் பட்ட குட்டைத் தண்ணீரைக் குடிக்கத்தான் வேண்டும். கிருமி நாட்கணக்கில் படுத்தும், தாகம் அதற்கு முன்பே கொன்றுவிடும். அந்த நிலைமையில்தான் அப்படிச் செய்யலாம். நீங்கள் அந்த நிலைமையையே ஒரு பயணத் திட்டமாக்கி, அதற்கு உண்மையான பாலை நடை என்று பெயரும் வைத்திருக்கிறீர்கள்.

கணக்கு பெரியது இல்லை. 32 பேர், குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், ஆக 128 லிட்டர். 20 லிட்டர் கேன் ஏழு. ஊருக்கு ஊர் நிரப்பிக்கொண்டு போக ஒரு ஜீப்போ ஓர் ஒட்டக வண்டியோ போதும். போன ஆண்டுவரை அதைத்தானே செய்தோம். செலவு குறைக்க எடுத்த முடிவு என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் அதை அப்படியே பெற்றோர்களிடம் சொல்லியிருக்கலாம், ஆளுக்குக் கொஞ்சம் போட்டிருப்போம்.

நான் கேட்பது இவை.

தண்ணீர் வண்டி இந்த டிசம்பரில் கூட வர வேண்டும். ஏற்பாடு செய்ய நேரம் இல்லை என்றால் பயணத்தைத் தள்ளி வையுங்கள், பிப்ரவரியிலும் பாலை அங்கேதான் இருக்கும்.

அந்த ஒரு பக்கக் குறிப்பை, அனுப்பிய அதே வாட்ஸ்அப் குழுவில், தவறு என்று எழுதித் திரும்பப் பெற வேண்டும். சத்தமில்லாமல் அழித்துவிட்டால் போதாது. 28 பேரும் அதை ஏற்கெனவே படித்து நம்பியிருக்கிறார்கள்.

செப்டம்பரில் சுனையில் குடித்த 23 பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்து, அடுத்த ஐம்பது நாட்களில் காய்ச்சல், மஞ்சள், வயிற்றோட்டம் வந்ததா என்று கேட்டு எழுத வேண்டும். பட்டியல் உங்களிடம் இருக்கிறது. நான்கூட உட்கார்ந்து போன் செய்யத் தயார்.

கிளம்பும் முன் ஒரு நாள் பிள்ளைகளை உட்கார வைத்து, கலங்கல் தண்ணீரை வடிகட்டி, தெளியவிட்டு, கொதிக்க வைத்து, மாத்திரை போட்டு அவர்கள் கையாலேயே செய்ய வையுங்கள். ஹெபடைடிஸ் ஏ, டைஃபாய்டு தடுப்பூசி இருக்கிறது என்பதையும் பெற்றோர்களுக்குச் சொல்லுங்கள், போடுவது டாக்டரும் அவர்களும் பேசி முடிவெடுக்கட்டும்.

நாம் அடிக்கடி ஏறும் மலைகளின் சுனை, ஓடைகளுக்கு ஒரு நோட்டு தொடங்குங்கள். அமெரிக்காவின் பசிபிக் க்ரெஸ்ட் நடைப்பாதை, மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை 4,200 கிலோமீட்டருக்கு மேல், அதன் தெற்குப் பகுதி வறண்ட பாலை. அங்கே நடப்பவர்கள் ஒவ்வொரு நீர்நிலையையும் எந்தத் தேதியில் பார்த்தோம், எவ்வளவு இருந்தது, எப்படி இருந்தது என்று எழுதிவைக்க, பின்னால் வருகிறவர்கள் அதைப் பார்த்து நடக்கிறார்கள். நமக்கும் அது முடியும். ஹைட்ரஜன் சல்ஃபைடு பாட்டில் என்று ஒரு எளிய சோதனை இருக்கிறது. தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கலப்பு இருந்தால் கறுத்துவிடும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலும் மாதிரி கொடுக்கலாம். செப்டம்பர் சுனையில் இருந்தே தொடங்குவோம்.

கடைசியாக, நடையின்போது நான் குடிக்க மாட்டேன் என்று எந்தப் பிள்ளை சொன்னாலும் அதை மதித்து, அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பதைக் குழுவின் விதியாக எழுதுங்கள். பொறுப்பாளர்களுக்கும் அது பொருந்த வேண்டும்.

என் தங்கை மகன் இன்னமும் ஜெய்சல்மேருக்கு வரத்தான் ஆசைப்படுகிறான். வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நானும் தங்கையும் வருகிறோம். இவை ஒவ்வொன்றுக்கும் அன்றைக்குப் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தக்கலையிலிருந்து உங்கள் பழைய உறுப்பினர்